நாற்பத்தோராவது நிமிடம்

பொன்னாடையைக் கண்டுபிடித்தவன் யாரென்று தெரிந்தால் அவன் வீட்டு வாசலில் போய் நின்று நறுக்கென்று நாலு வார்த்தை கேட்டுவிட்டு வருவேன். ராசிபுரத்தில் காதுகுத்து என்றாலும் பொன்னாடை, கண் பரிசோதனை முகாம் என்றாலும் பொன்னாடை. எங்கள் திரைப்படக் கழகத்தில் படம் ஓடும் நேரத்தைவிடப் பொன்னாடை ஓடும் நேரம்தான் அதிகம். அன்றைக்கு ஒன்பது பேருக்குப் போர்த்தினார்கள். ஒன்பதாவது ஆள் செங்கோடன். அவரைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், அது கடைசியில்.

என் பெயர் நர்மதா. தபால் ஆபீஸ் கவுண்டரில் இருபத்திரண்டு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். கோபக்காரி என்று ஊர் முழுக்கப் பெயர். பின்கோடு எழுதாத கவரை நீட்டுபவர்கள் என் ஜன்னலைத் தவிர்த்துவிட்டுப் பக்கத்து ஜன்னலில் வரிசை கட்டுவார்கள். அந்தக் கோபத்தில் எனக்கு ஒரு பெருமையும் உண்டு. மனசில் பட்டதை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுகிற ஆள் என்று என்னைப் பற்றி நானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கழகம் ஆரம்பித்துப் பதினோரு வருஷம் ஆகிறது. ஏழு பேர் சேர்ந்து நடத்துகிறோம், ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. மாதத்தில் நாலாவது ஞாயிறு மதியம் இரண்டரை மணிக்கு ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் படம் போடுவோம். பந்தி மேசைகளை ஓரமாக அடுக்கிவிட்டு, முன்னால் இருக்கும் சின்ன மேடையைப் பார்த்து நாற்காலி போட்டுக்கொள்வோம். திரை எங்கள் உறுப்பினர் ஒருவர் தன் தறியில் அளவு கொடுத்து ஓட்டித் தந்த இரட்டை அகலத் துணி. எங்கெங்கோ எடுத்த, யாரும் பார்க்காத பழைய படங்களைத் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து போடுவோம். தறிக்காரர்கள், ஓய்வு பெற்ற வாத்தியார்கள், லாரி டிரைவர்கள், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அம்மாக்கள் என்று நூற்றைம்பது பேருக்குக் குறையாமல் வருவார்கள்.

படத்துக்கு அடியில் ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்து முடிப்பதற்குள் அடுத்த வரி வந்துவிடும் என்பதால் எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. படத்தில் பேசுவதை எல்லாம் நான் முன்கூட்டியே தமிழில் எழுதி வைத்துக்கொண்டு, மேடையோரம் நின்று மைக்கில் வாசிப்பேன். நான் வாசிக்கிற இடத்தில் வளவன் படத்தின் சத்தத்தைக் குறைப்பான், நான் நிறுத்தியதும் ஏற்றுவான். வளவன் கண்காணிப்பு கேமரா மாட்டித் தரும் கடை வைத்திருப்பவன். கழகத்தின் லேப்டாப், புரொஜக்டர், சவுண்டு எல்லாம் அவன் கையில்தான். சத்தத்தை ஏற்றி இறக்குவதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

தலைவர் குமரகுரு. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார், அறுபது வயசு. நல்ல படத்துக்கு உண்மையிலேயே கண்கலங்குகிற மனிதர், அதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் பெரிய மனிதர் யாரையாவது பார்த்துவிட்டால் அவருடைய முதுகு தானாக வளைந்துவிடும். மைக்கைப் பார்த்துவிட்டால் வாய் தானாகத் திறந்துவிடும். இந்த இரண்டும் சேர்ந்த அன்றைக்கு என்ன நடக்கும் என்பதை நான் முன்னாலேயே யோசித்திருக்க வேண்டும்.

போன மாதம் எங்களுக்கு ஒரு ஆவணப்படம் கிடைத்தது. பெயர் ‘நானூறு அடி’. கொல்கத்தாவைச் சேர்ந்த ஒரு பெண் இரண்டாயிரத்து நாலாம் வருஷம் எடுத்தது. திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டி ஒன்றில் ஏறிக்கொண்டு, ராய்ப்பூரைத் தாண்டி ஊர் ஊராகப் போய், நாற்பது நாள் அந்த ஆட்களோடேயே தங்கி எடுத்திருக்கிறார். எழுபது நிமிஷம். இரண்டே இரண்டு இடத்தில் ஓடியதோடு சரி. அவர் இறந்த பிறகு அவருடைய தம்பி பழைய பெட்டியில் கிடந்ததை எடுத்து எங்களுக்கு ஒரு பிரதி அனுப்பினார். நம்ம ஊர் ஆட்களைப் பற்றி எடுத்த படத்தை நம்ம ஊரில் ஒருத்தர்கூடப் பார்த்ததில்லை.

வாசிப்பு எழுதுவதற்காக ஒரு சனிக்கிழமை மத்தியானம் வீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்தேன். நாற்பத்தோராவது நிமிஷத்தில் முகமெல்லாம் கல்மாவு அப்பிய ஒரு பையன் துண்டால் துடைத்துக்கொண்டே வந்து கேமராவுக்கு முன்னால் நிற்கிறான். இருபத்தாறு வயசு இருக்கும். பெயர் மயில்சாமி என்கிறான், ஊர் திருச்செங்கோட்டுக்குப் பக்கம் பள்ளக்காட்டுப்புதூர் என்கிறான். தனக்குப் பெண் குழந்தை பிறந்து ஒரு மாசம் ஆகிறது, இன்னும் முகம் பார்க்கவில்லை என்கிறான். அதற்கப்புறம் பைப்பைத் தூக்கும் கம்பிக்கயிற்றைப் பிடித்துக் காட்டுகிறான். அது பிரிந்து கிடக்கிறது. முதலாளியிடம் மூன்று தடவை சொல்லியாயிற்று, அவர் இப்போதைக்கு மாற்றித் தர மாட்டேன் என்கிறார் என்று சிரித்துக்கொண்டே சொல்கிறான்.

தபால் ஆபீஸில் இருந்துகொண்டு ஒரு விலாசத்தைக் கண்டுபிடிக்க முடியாதா என்ன? பள்ளக்காட்டுப்புதூர் கிளை அஞ்சலகத்துக்குப் போன் போட்டேன். மயில்சாமி செத்து இருபத்தொரு வருஷம் ஆகிறது என்றார் போஸ்ட்மாஸ்டர். படம் எடுத்த நாலாவது மாசமே ரிக்கில் பைப் விழுந்து போய்விட்டானாம். மனைவி சுகன்யா கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கும் வேலை பார்க்கிறார், மகள் கிருத்திகா நர்சிங் கடைசி வருஷம் படிக்கிறாள் என்றும் சொன்னார்.

அடுத்த நாளே வண்டியை எடுத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். சுகன்யாவுக்கு நாற்பத்து மூன்று வயசுதான், பார்த்தால் என்னைவிடப் பெரியவராகத் தெரிந்தார். காப்பி போட்டுக் கொடுத்தார். உங்கள் வீட்டுக்காரர் ஒரு படத்தில் இருக்கிறார், பேசுகிறார் என்றதும் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“பேசறாருங்களா அக்கா?”

“பேசறார். உங்களப் பத்தியும் குழந்தையப் பத்தியும்கூடப் பேசறார்.”

அவர் எப்படி இறந்தார் என்று கேட்டேன்.

“குடிச்சுப்போட்டுப் பைப்புக்குக் கீழ போயி நின்னுக்கிட்டாருன்னு ஓனரு சொன்னாருங்க. ஊட்டுல இருக்கறப்ப ஒரு சொட்டுத் தொட மாட்டாருங்க அக்கா. ஆனா அத்தன தூரம் போன எடத்துல என்ன பண்ணுனாரோ, நான் போயிக் கண்டனா? ஊருல இவள குடிகாரன் புள்ளைன்னுதான் சொல்லுவாங்க. ஓனரு செங்கோடய்யா மட்டும் அப்புடிப் பாக்க மாட்டாருங்க. வருசந்தவறாம பொங்கலுக்கு ரெண்டு பேத்துக்கும் துணி எடுத்துக் குடுப்பாரு. குடிச்சுச் செத்தவன் பொண்டாட்டின்னு ஒதுக்காம செய்யறாரே, அந்த மனசு யாருக்குங்க வரும்?”

எனக்கு உள்ளங்காலிலிருந்து உச்சந்தலை வரைக்கும் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று இப்போது கேட்டால் எனக்கே கேவலமாக இருக்கிறது. எங்கள் கழகத்தில் படம் பார்ப்பதற்கு முன்னால் யாரும் யாரிடமும் அதில் என்ன வருகிறது என்று சொல்லக் கூடாது. அந்த விதியைப் போட்டதே நான்தான். மண்டபத்துப் படிக்கட்டில் நின்று முடிவைச் சொல்லிவிட்ட ஒரு தமிழ் வாத்தியாரை மூன்று மாசம் வரக்கூடாது என்று தள்ளி வைத்தவளும் நான்தான். அது மட்டுமில்லை. அந்தக் காட்சி இருட்டுக் கூடத்தில், பத்தடித் திரையில், அத்தனை பேர் முன்னால் ஓடுவதை நான் மனசுக்குள் அப்போதே பார்க்க ஆரம்பித்துவிட்டேன். செத்துப் போனவனே எழுந்து வந்து தன் வாயால் நியாயம் கேட்கட்டும், அதைவிட வேறென்ன வேண்டும் என்று நினைத்தேன். எனக்கு உடம்பே சிலிர்த்தது.

கிருத்திகா சுவரில் சாய்ந்து நின்றபடி போனை நீட்டினாள்.

“மேடம், அந்தத் துண்ட மட்டும் இதுல ஏத்தித் தாரீங்களா? எங்கப்பா கொரலு எப்புடி இருக்குமுன்னே எனக்குத் தெரியாதுங்க. அம்மாகிட்டக் கேட்டா, நல்லா இருக்குமுங்கறாங்க. வேற சொல்லத் தெரியல.”

“போன்ல வேண்டாம் சாமி. சினிமாவ அதுக்குண்டான திரையிலதான் பாக்கோணும். இத்தன வருஷம் இருந்துட்டீங்க, மூணு வாரம் பொறுத்துக்கங்க.”

இப்படிப் பெரிய பேச்சு வேறு பேசிவிட்டு வந்தேன். அந்தப் பெண் சரிங்க மேடம் என்று போனைத் திரும்ப எடுத்துக்கொண்டாள்.

படம் போடும் ஞாயிற்றுக்கு இரண்டு நாள் முன்னால் குமரகுரு தபால் ஆபீசுக்கே வந்தார். முகத்தில் அப்படியொரு மலர்ச்சி.

“நர்மதாம்மா, சிறப்பு விருந்தினர் கெடச்சுட்டாருங்க. ரிக்கு படத்துக்கு ரிக்கு ஓனரே வாராரு. திருச்செங்கோடு செங்கோடன், பதினோரு வண்டி ஓடுது. நம்முளுக்குப் புதுசா புரொஜக்டரு எடுத்துத் தாரேன்னுட்டாரு.”

கையிலிருந்த முத்திரைக் கட்டையை மேசையில் போட்டுவிட்டு அவரைப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போனேன். பார்சல் மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு எல்லாவற்றையும் கொட்டினேன். அந்தப் படத்தில் வரும் வண்டி செங்கோடனுடையது என்றேன். கயிற்றைப் பற்றி அந்தப் பையன் சொல்வதைச் சொன்னேன். குடித்துவிட்டுச் செத்தான் என்று அந்தக் குடும்பத்தை இந்த ஆள் இருபத்தொரு வருஷமாக ஏமாற்றிக்கொண்டிருப்பதைச் சொன்னேன்.

குமரகுரு கழுத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

“படத்துல ஓனரு பேரச் சொல்றானுங்களா?”

“மொதலாளின்னு சொல்றான்.”

“அப்பப் பேரு வரலீங்கல்ல. உடுங்க, பாத்துக்கலாம்.”

“என்னத்தப் பாத்துக்கறது சார்? அந்தாளக் கூப்புட வேண்டாம்.”

“அழைப்பிதழ் அடிச்சாச்சுங்க நர்மதாம்மா. வாரேன்னு சொன்ன பெரிய மனுசன வராதீங்கன்னு எந்த வாயில சொல்லறது?”

அவர் போன பிறகு எனக்கு இன்னொரு யோசனை ஓடியது. வரட்டுமே. முன்வரிசையில் உட்காரட்டுமே. தன்னிடம் வேலை பார்த்தவன் திரையில் வந்து கேட்பதைக் காதால் கேட்கட்டுமே. இன்னும் நல்லதாகப் போயிற்று என்று நினைத்தேன். கோபம் எனக்கு அவ்வளவு ருசியாக இருந்தது. சுகன்யாவுக்குப் போன் செய்து, இந்த ஆள் வருகிறார், விஷயம் இப்படி என்று சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை கூட்டம் நிரம்பி வழிந்தது. ரிக் படம் என்று கேள்விப்பட்டு திருச்செங்கோட்டிலிருந்து டிரில்லர்கள், ஹெல்பர்கள், வண்டி வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிட்ட பழைய ஆட்கள் என்று ஐம்பது அறுபது பேர் கூடுதலாக வந்திருந்தார்கள். சுகன்யா நல்ல சேலை கட்டி, பூ வைக்காமல், இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கிருத்திகா. அன்று காலையிலிருந்து மகள் சாப்பிடவில்லை என்று சுகன்யா சொன்னார்.

இரண்டரைக்கு ஆரம்பிக்க வேண்டியது. சாயங்காலம் அதே கூடத்தில் ஒரு வரவேற்பு இருந்ததால் ஐந்தேகாலுக்குள் நாங்கள் காலி செய்ய வேண்டும். இதெல்லாம் தெரிந்தும் குமரகுரு விளக்கேற்றி, வரவேற்றுப் பேசி, முன்னிலை வகித்தவர்களை எல்லாம் பேச வைத்து, ஒருவர் மாற்றி ஒருவருக்குத் துணி போர்த்திக்கொண்டே இருந்தார். நான் மேடையோரத்தில் வாசிப்புத் தாள்களோடும் மைக்கோடும் நின்றுகொண்டு பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மூன்றரை ஆயிற்று.

செங்கோடன் வெள்ளைச் சட்டையில் பளிச்சென்று இருந்தார். எழுபது வயசுக்கு நல்ல கட்டுமானம். பொன்னாடையை மடித்துத் தோளில் போட்டுக்கொண்டு பேச ஆரம்பித்தார். ரிக் தொழிலின் கஷ்டங்களைச் சொன்னார். கல் உடைகிற இடத்தில் மனசும் உடையும் என்றார், கை தட்டினார்கள். அப்புறம் குமரகுரு அவர் காதில் ஏதோ சொன்னார்.

“ஒரு வெசயம் இப்பத்தான் தெரியுதுங்க. இந்தப் படத்துல எங்கிட்ட வேல பாத்த ஒரு பையன் வாரானாமா. மயில்சாமி. நல்ல வேலைக்காரன். ஒரு சின்னக் கெட்ட பழக்கம், அதுல போயிட்டான். அந்தக் குடும்பத்த இன்னிக்கு வரைக்கும் நான் கைவுடலீங்க. சுகன்யா, எங்கம்மா இருக்கறீங்க? மேல வாங்க.”

சுகன்யா மகளைக் கையைப் பிடித்து மேடைக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். இரண்டு பேரும் எனக்கு இரண்டு முழம் தள்ளித்தான் நின்றார்கள். கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. சுகன்யா கும்பிட்டார். பிறகு கிருத்திகாவின் முதுகில் கை வைத்துச் சொன்னார்.

“ஐயா கால்ல உழுந்து கும்புடு சாமி.”

அந்தப் பெண் துப்பட்டாவை ஒதுக்கிக்கொண்டு மண்டி போட்டு, நெற்றி தரையில் படும்படி அவர் செருப்புக்கு முன்னால் விழுந்தாள். நல்லா இரு கண்ணு என்று அவர் தலையைத் தொட்டார். இரு, இன்னும் ஒரு மணி நேரம், இரு நர்மதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண் விழுந்து எழுந்ததையும்கூட நான் படத்துக்கு முன்னால் வரும் ஒரு காட்சியாகத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படம் ஓட ஆரம்பித்தது. அந்தக் கொல்கத்தா பெண் ஆங்கிலத்தில் பேசுகிற இடங்களில் எல்லாம் நான் தமிழில் வாசித்தேன், வளவன் சத்தத்தை இறக்கி ஏற்றினான். நம் ஆட்கள் தமிழில் பேசுகிற இடங்களில் நான் வாய் திறக்கவில்லை, அங்கே வாசிப்புத் தேவையில்லை. டிரில்லர்கள் தங்களுக்குத் தெரிந்த ஆளைத் திரையில் பார்த்ததும் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள், சிரித்தார்கள். நல்ல கூட்டம். நாற்பதாவது நிமிஷத்தில் நான் தாள்களை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டேன்.

மயில்சாமி துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்து நின்றான். வாய் அசைந்தது. சத்தம் இல்லை.

வளவன் ஏற்ற மறந்துவிட்டானோ என்று ஒரு கணம் நினைத்தேன். திரையில் அவன் பேசிக்கொண்டே இருக்கிறான், சிரிக்கிறான், கையால் குழந்தை அளவு காட்டுகிறான். கூடத்தில் மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கிறது. கிருத்திகா எழுந்து நின்றுவிட்டாள்.

“சத்தம் வரலீங்க. மேடம், சத்தம் வரல.”

குமரகுரு இன்னொரு மைக்கில் பேசினார். “பழைய பிரதிங்க. இந்த எடத்துல ஒலி கெட்டுப் போயிருக்குது. மன்னிச்சுக்கோணும். ரெண்டு நிமிசத்துல சரியாயிரும்.”

அப்போதுதான் எனக்கு விளங்கியது. பார்சல் மூட்டைகளுக்கு நடுவில் நின்று நான் கொட்டியதை எல்லாம் அந்த ஆள் இதற்குத்தான் பயன்படுத்திக்கொண்டிருக்கிறார். மேடையிலிருந்து குதித்தேன். ஐம்பது வயசை நெருங்கும் பொம்பளை, சேலையோடு குதித்தேன். நாற்காலிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு வளவனின் மேசைக்குப் போனேன்.

“ஏத்துடா.”

“அக்கா, தலைவருதான், மெசின் சத்தம் காது கிழியும், அந்த ரெண்டு நிமிசத்த ஆஃப் பண்ணீருன்னு...”

“அவன் செத்துப் போனவன்டா. அவம்புள்ள அங்க நிக்குது பாரு. எடு கைய.”

வளவன் கிருத்திகாவைப் பார்த்தான். அவனுக்கு எதுவும் தெரியாது என்பது அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அவனே படத்தைப் பின்னால் தள்ளி, சத்தத்தை முழுக்க ஏற்றினான். மயில்சாமி மறுபடியும் துண்டால் முகம் துடைத்துக்கொண்டு வந்தான்.

“எம்பேரு மயில்சாமிங்க. பள்ளக்காட்டுப்புதூரு. பொண்ணு பொறந்து முப்பத்திரண்டு நாளாச்சுங்க, இன்னும் மூஞ்சியப் பாக்கல. பேரு வெக்காம இருங்க, நான் வந்துதான் வெப்பேன்னு சொல்லியிருக்கறனுங்க. எங்கூட்டுக்காரி கோவிச்சுக்கறா. இத்தனூண்டுதான் இருக்குதாமா.”

மெலிந்த, கொஞ்சம் கீச்சென்ற குரல். பெரிய ஆளின் குரலே இல்லை. கிருத்திகா இரண்டு கையாலும் முன்னால் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள்.

“இந்த ரோப்பப் பாருங்க. பிரி பிரியாப் போயிருச்சு. இதுலதான் பைப்பத் தூக்கறது. செங்கோடய்யாவுக்கு மூணு தடவ போனு பண்ணிட்டனுங்க. இந்த டிரிப்பு ஓட்டுடா, ஊருக்கு வந்து மாத்திக்கலாங்கறாரு. அறுந்துச்சுன்னாக் கீழ நிக்கறவன் காலிங்க. கீழ நிக்கறதுதான் என்ற வேலை.”

சொல்லிவிட்டுச் சிரித்தான். பெயர் இருந்தது. மொதலாளி என்று சொன்னதாகத்தான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், குமரகுருவிடமும் அப்படித்தான் சொன்னேன். வீட்டில் பார்த்தபோது பின்னால் ஓடிய மெஷின் சத்தத்தில் நான் சரியாகக் கேட்கவில்லை. கூடத்தின் பெரிய ஸ்பீக்கரில் ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக விழுந்தது.

பின்வரிசையில் ஒரு வயசான டிரில்லர் எழுந்து நின்று லைட்டைப் போடச் சொன்னார். வளவன் படத்தை நிறுத்தினான். செங்கோடன் அதற்குள் எழுந்துவிட்டிருந்தார்.

“இதுக்குத்தான் கூப்புட்டயா குமரகுரு? இருவது வருசத்துக்கு முந்தி எவனோ என்னமோ பேசுனத எல்லாம் புடிச்சு வெச்சுக்கிட்டு...”

கிருத்திகா நாற்காலிகளுக்கு நடுவில் நடந்து போய் அவர் வழியில் நின்றாள். அழவில்லை. குரலையும் உயர்த்தவில்லை.

“அந்த ரோப்ப மாத்துனீங்களாங்க?”

“அம்மணி, அது அப்புடியில்ல. தொழில்ல ஆயிரம் இருக்கும்.”

“மாத்துனீங்களா இல்லீங்களா?”

வண்டிய எடுக்கச் சொல்லு என்று பக்கத்தில் இருந்த ஆளிடம் சொல்லிவிட்டுச் செங்கோடன் சுவரோரமாகப் போனார். டிரில்லர்கள் யாரும் வழி விடவில்லை, ஆனால் தொடவும் இல்லை. அவர்தான் ஒவ்வொருவரையும் சுற்றிக்கொண்டு, ஒருக்களித்து ஒருக்களித்து வாசலுக்குப் போக வேண்டியிருந்தது. பதில் சொல்லிப்போட்டுப் போங்க என்று ஒருவர் மட்டும் சொன்னார். குமரகுரு மேடையில் மைக்கைப் பிடித்தபடி நின்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குப் பேச ஒன்றுமில்லை.

மறைக்காமல் சொல்லிவிடுகிறேன், எனக்கு அப்போது பெருமையாக இருந்தது. நெஞ்சு விம்மிக்கொண்டு நின்றேன். குமரகுருவைப் பார்த்து, இனி இந்தக் கழகத்தில் ஒன்று நீங்கள் இருக்க வேண்டும் அல்லது நான் இருக்க வேண்டும் என்று சத்தமாகச் சொன்னேன். நாலைந்து பேர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். கிருத்திகா வளவனின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுபடியும் போடுங்கண்ணா என்றாள். அவன் போட்டான். முடிந்ததும் மறுபடியும் என்றாள்.

சுகன்யா என்னிடம் வந்தார். கையைப் பிடித்துக்கொண்டு அழுவார் என்று எதிர்பார்த்தேன். என்ன சொல்லித் தேற்றுவது என்றுகூட யோசித்து வைத்திருந்தேன்.

“அக்கா, இத நீங்க எப்பப் பாத்தீங்க?”

“எத?”

“இத. இவரு ரோப்பக் காட்டிப் பேசறத. எங்கூட்டுக்கு வர்றதுக்கு முந்தியா, பொறகா?”

“முந்தி.”

“அப்ப நான் எம்புருசன் குடிச்சுப்போட்டுச் செத்தாருன்னு சொன்னப்ப, இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்.”

“தெரியும் சுகன்யா. ஆனா அவரே சொல்லட்டும்னு...”

“அந்தாளுக்கு நல்ல மனசுன்னு சொன்னனே, அப்பவும் தெரியும்.”

“எங்க கழகத்துல ஒரு வழக்கம்ங்க. படத்துல வர்றத முன்னாலயே...”

“குமரகுரு ஐயாவுக்குச் சொல்லியிருக்கறீங்க. அவரு சத்தத்த நிறுத்தோணும்னா அவருக்குத் தெரிஞ்சிருக்கோணுமுல்லீங்க. அவருக்குச் சொன்னீங்க. எனக்குச் சொல்லல.”

கவுண்டரில் எத்தனை பேரை வாயடைக்க வைத்திருக்கிறேன். அவர் முகத்தில் கோபம் மெதுவாக ஏறிக்கொண்டிருந்தது. அப்படி ஒரு கோபத்தை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. என்னுடையதெல்லாம் அதற்குப் பக்கத்தில் வெறும் வாய்ச்சவடால்.

“இவரு குடிக்கல, ரோப்பு அறுந்துதான் செத்தாருன்னு ஒரு வார்த்தைங்க அக்கா. எங்கூட்டு வாசல்ல வண்டிய நிறுத்திக்கிட்டுச் சொல்லியிருந்தாப் போதும். எனக்குப் படமே வேண்டாமுங்க. மூணு வாரமா உங்ககிட்டயே வெச்சிருந்திருக்கறீங்க. அந்தாளு இருவத்தொரு வருசம் வெச்சிருந்தான். நீங்க மூணு வாரம். அவ்வளவுதான் வித்தியாசம்.”

பின்னால் நாலாவது தடவையாக மயில்சாமி தன் பெயரைச் சொன்னான்.

“எம்புள்ளைய நானே புடிச்சு அந்தாளு கால்ல உழுக வெச்சேன்” என்றார் சுகன்யா. “அவங்கப்பனக் கொன்னவன் கால்ல. நெத்தி தரையில படக் கும்புட்டா. அப்ப நீங்க எங்க நின்னீங்க?”

“அங்கதான்.”

“எட்டிப் புடிச்சா கை படற தூரத்துல நின்னீங்க. மைக்கும் உங்க கையிலதான இருந்துச்சு?”

சுற்றி நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். வரவேற்புக்கு இலை போட வந்த ஆட்கள் வாசலில் காத்துக்கொண்டிருந்தார்கள்.

“சொல்லுங்க அக்கா. இருந்துச்சுங்களா இல்லீங்களா?”

“ஆமாங்க” என்றேன். “எங்கையிலதான் இருந்துச்சு.”